பழைய வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸுக்கு முன்னாடி மொட்டை மாடி கணக்கைப் போட்டுடுங்க

பழைய வீடு பாக்கப் போனா தண்ணி எப்படி, ரோடு எத்தனை அடி, பட்டா யார் பேர்ல இருக்கு, வாசல் எந்தப் பக்கம்னு ஆயிரம் கேள்வி கேப்போம், மொட்டை மாடிக்கு மட்டும் ஏறி அஞ்சு நிமிஷம் நின்னுட்டு "காத்து நல்லா வருது சார்"னு புரோக்கர் சொல்றதுக்கு தலையாட்டிட்டு இறங்கிடுவோம். நானும் அப்படித்தான் இறங்கினேன். நங்கநல்லூர்ல அரை கிரவுண்ட் மனை, 1986ல கட்டினது, கீழ்த்தளம் மட்டும் 850 சதுர அடி, கேட்ட விலை 1 கோடியே 40 லட்சம். ரெண்டாவது தடவை போனப்போதான் ஒண்ணு உறுத்துச்சு, சுவரெல்லாம் பழைய பெயின்ட், அழுக்கு, பசங்க கிறுக்கினது கூட அப்படியே இருக்கு, ஆனா கிச்சன் சீலிங் மட்டும் பளிச்னு வெள்ளை. யாராவது வீட்டை விக்கும்போது சீலிங்குக்கு மட்டும் பெயின்ட் அடிப்பாங்களா?

அங்க ஆரம்பிச்ச விஷயம் கடைசியில கிட்டத்தட்ட 8 லட்ச ரூபா கணக்கா வந்து நின்னுச்சு. வீட்டுக்கு பேங்க் கடன் தரும், தலைக்கு மேல இருக்கற தளத்தை சரி பண்ற செலவு பெரும்பாலும் நம்ம கையிலிருந்துதான் போகும், அதனால அட்வான்ஸ் கைமாறுறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கை முடிக்கணும். எப்படின்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல, தலைக்கு மேல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

சென்னையில பழைய வீடுன்னா பொதுவா நாலு வகை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன், ராயபுரம் பக்கம் போனா மெட்ராஸ் டெரஸ் இன்னும் இருக்கு, தேக்குக் கட்டைய குறுக்க வரிசையா போட்டு அதுக்கு மேல சின்ன செங்கல்லை நெட்டுக்குத்தா சுண்ணாம்புல பதிச்சு, அதுக்கு மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், மேல தட்டோடு (தட்டையான ஓடு). கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய விட்டு அடிச்சு அடிச்சு கெட்டிப்படுத்தின தளம், வெயில் காலத்துல கீழ உக்காந்தா ஏசியே வேணாம்னு தோணும். இதுல பிரச்சனை தளம் கிடையாது, கட்டையோட ரெண்டு முனை. சுவருக்குள்ள போற இடத்துல ஈரம் இறங்கி கரையான் ஏறியிருக்கும், நடுவுல பாத்தா கட்டை இரும்பு மாதிரி இருக்கும், முனையில ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்தினா உள்ள போயிடும். இந்த வேலை தெரிஞ்ச ஆளுங்க இப்ப ரொம்பக் கம்மி, அதனால ரிப்பேர் செலவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு ஆறுதல், பழைய பர்மா தேக்கா இருந்தா இடிக்கும்போது கட்டைக்கே நல்ல காசு வரும், அந்தக் காசை விக்கிறவர் தனியா எடுத்துக்கலாம்னு நினைப்பார், முதல்லயே பேசிடுங்க.

மங்களூர் ஓடு சுலபம். சட்டம், ரீப்பர் நல்லா இருந்தா உடைஞ்ச ஓட்டை மாத்தினா போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட போர்ஷன் இருந்தா மாத்துற செலவு அவ்ளோ பெருசில்ல, ஆனா அதை உடைக்கக் கூடாது, உடைச்சா கிளம்புற தூசி நுரையீரலுக்கு கெடுதல், தண்ணி தெளிச்சு முழுசா கழட்டி இறக்கணும். மாடியில ஷீட் போட்ட ரூமை காட்டி "மாசம் எட்டாயிரம் வாடகை வரும் சார்"னு சொன்னா அது அப்ரூவ்டு பிளான்ல இருக்கான்னு மட்டும் கேளுங்க, அந்தப் பேச்சு அங்கயே நின்னுடும்.

நாலாவதுதான் நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வாங்குறது, ஆர்சிசி, அதாவது உள்ள கம்பி வச்சுப் போட்ட கான்கிரீட் தளம். இனி சொல்றதெல்லாம் பெரும்பாலும் இதுக்குத்தான்.

கம்பி ஏன் துருப்பிடிக்குது

இதை ரெண்டு நிமிஷம் புரிஞ்சுக்கிட்டா மேஸ்திரி சொல்றதுல எது உண்மை எது கதைன்னு நமக்கே தெரியும். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அது இருக்கற வரைக்கும் உள்ள இருக்கற கம்பி துருப்பிடிக்காது. வருஷக்கணக்கா காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள நுழைஞ்சு அந்தக் காரத்தை கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். இன்னொரு எதிரி உப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம், எண்ணூர் பக்கம் கடல் காத்துலயே உப்பு வரும், உள்ளூர்ல கூட அந்தக் காலத்துல உப்புத்தண்ணி போர்வெல்ல கலவை போட்டிருந்தா உப்பு முதல் நாளே உள்ள போயிருக்கும். கம்பி துருப்பிடிச்சா அது ஊதும், துரு எடுத்துக்கற இடம் பழைய இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல, அந்த ஊதல் கீழ இருக்கற கான்கிரீட்டை தள்ளும். முதல்ல கம்பி போற லைன்லயே நேரா ஒரு விரிசல், அப்புறம் தட்டினா உள்ள வெத்தா இருக்கற மாதிரி சத்தம், அப்புறம் ஒரு நாள் ராத்திரி தொப்புனு காரை விழும்.

அதனால மேல வாட்டர் ப்ரூஃப் அடிச்சா ஒழுகுறது நிக்கும், ஏற்கனவே துருப்பிடிச்ச கம்பி சரியாகாது. "கோட்டிங் அடிச்சா சரியாயிடும் சார்"னு யார் சொன்னாலும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

நீங்களே ஒரு மணி நேரத்துல பாக்கக்கூடியது

முடிஞ்சா மழையில போங்க. சென்னைக்கு வருஷத்துல பெரும்பங்கு மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும், 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பெஞ்சது, அந்த மழை இந்த 850 சதுர அடி மாடியில விழுந்திருந்தா 38 ஆயிரம் லிட்டருக்கு மேல, மூணு லாரி தண்ணி. அவ்ளோ தண்ணி வெளிய போக மாடியில எத்தனை பைப் இருக்கு, எத்தனை இன்ச் பைப்னு எண்ணுங்க. நான் பாத்த வீட்டுல ஒண்ணே ஒண்ணு, அதுலயும் வேப்ப இலை அடைச்சிருந்துச்சு.

மே மாசத்துல பாக்கப் போறீங்கன்னா மழைக்கு சாட்சி தேடணும். மாடியில கருப்பா பாசி படிஞ்ச வட்டம் இருந்தா அங்க தண்ணி தேங்குது. தட்டோட்டு இடுக்குல அரச மரக்கன்னு முளைச்சிருந்தா வேர் தளத்துக்குள்ள போயாச்சு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலைய விரலால தடவிப் பாருங்க, பாதி ஒழுகல் அங்கதான் ஆரம்பிக்கும். கீழ வந்து பரண் மேல ஏறி டார்ச் அடிங்க, ஏன்னா பரணுக்கு மேல யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க, அங்க உண்மை அப்படியே இருக்கும். ஃபேன் ஹூக்கை சுத்தி பழுப்பு வளையம், சுவர் ஓரத்துல உப்பு பூத்து மாவு மாதிரி உதிர்றது, சன்ஷேடுக்கு அடியில கம்பி தெரியறது, பாத்ரூம் மேல இருக்கற தண்ணித் தொட்டிக்கு நேர் கீழ புதுசா அடிச்ச வெள்ளை. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா லைட்டை ஒண்ணு கழட்டி அந்த ஓட்டை வழியா போனை விட்டு வீடியோ எடுங்க, விக்கிறவர் முகம் சுளிச்சாலும் பரவால்ல.

பக்கத்து வீட்டுல பேசுங்க. இதை விட நல்ல டெஸ்ட் இல்ல. எனக்கு எதிர் வீட்டு அக்கா சொன்னாங்க, "போன மழைக்கு ஹால்ல குண்டான் வச்சிருந்தாங்க தம்பி, நான்தான் ஒரு பக்கெட் குடுத்தேன்"னு.

தண்ணி கட்டி பாக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, பைப்பை அடைச்சு ரெண்டு இன்ச் தண்ணிய ஒரு நாள் முழுக்க நிறுத்திட்டு கீழ ஈரம் வருதான்னு பாக்கறது. நல்ல டெஸ்ட்தான், ஆனா காரை விழுந்து கம்பி தெரியற தளத்துல இதை செய்யாதீங்க, 850 சதுர அடியில ரெண்டு இன்ச் தண்ணின்னா 4 டன் எடை.

இன்ஜினியரை கூட்டிட்டுப் போங்க, பேங்க் ஆளை நம்பி இருக்காதீங்க

"பேங்க்லேர்ந்து இன்ஜினியர் வந்து பாத்துட்டாரு சார், ஓகே சொல்லிட்டாரு"ன்னு புரோக்கர் சொல்வார். அந்த வேல்யூவர், அதாவது சொத்துக்கு மதிப்பு போடறவர், பேங்க்குக்காக வர்றவர், இந்த சொத்து மேல இவ்ளோ கடன் குடுக்கலாமான்னு பாக்கறதுதான் அவர் வேலை, சென்னையில மனை விலைதான் பெருசு, கட்டடம் ஓட்டையா இருந்தாலும் அவர் கணக்கு பெருசா மாறாது. நமக்கு தேவை கட்டடத்தோட பலத்தைப் பாக்கற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கூடவே வேலை செய்யப்போற மேஸ்திரி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தா இன்னும் நல்லது, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் அங்கயே மறுப்பார், நாம வேடிக்கை பாத்தா போதும்.

எங்க வீட்டுல மேஸ்திரி ஸ்டூல் மேல ஏறி சின்ன சுத்தியலால ஹால் சீலிங்கை தட்டினார், டங் டங்னு கெட்டியா சத்தம். அப்படியே தட்டிக்கிட்டே கிச்சன் பக்கம் வந்தார், சத்தம் டொப் டொப்னு மாறிடுச்சு, மண் சட்டிய தட்டற மாதிரி. "சார் கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லிட்டு அதே இடத்துல லேசா ஒரு தட்டு, கை அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்துச்சு. உள்ள கம்பி வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சிருந்துச்சு. அவர் நகத்தால சுரண்டிக் காட்டினார், "இது எட்டு எம்எம் கம்பி சார், இப்ப ஆறு கூட இருக்காது." ஆறுன்னா பெருசா ஒண்ணும் குறையலயேன்னு நினைச்சேன், இன்ஜினியர்தான் சொன்னார், குறுக்களவு எட்டுலேர்ந்து ஆறாச்சுன்னா கம்பியோட பலம் கிட்டத்தட்ட பாதிதான் மிச்சம்னு.

அப்புறம் அந்த புதுசா உடைஞ்ச இடத்துல அவர் பினாப்தலீன் தெளிச்சார், ஸ்கூல் லேப்ல டைட்ரேஷனுக்கு விடுவோமே அதே மருந்து. காரத்தன்மை இருந்தா கான்கிரீட் ரோஸ் கலர் ஆகும், இல்லன்னா நிறமே மாறாது. ஹால்ல ஓரமா கொத்தின இடத்துல கம்பிய சுத்தி அழகா ரோஸ் வந்துச்சு. கிச்சன்ல ஒண்ணுமே வரல, அப்படியே சாம்பல். என் மனைவி மெதுவா என் காதுல, "இந்த வீடு வேணாங்க"ன்னாங்க. மேஸ்திரி அதைக் கேட்டுட்டு, "வேணாம்னு சொல்லாதீங்கம்மா, விலைய குறைக்கச் சொல்லுங்க"ன்னார்.

ரிப்போர்ட்டை எழுத்துல வாங்குங்க, போட்டோவோட, எந்த ரூம்ல எத்தனை சதுர அடி போச்சுன்னு. பேரத்துல வாய் வார்த்தைக்கு மதிப்பில்ல. பெரிய கட்டடம்னா ரீபவுண்ட் ஹேமர், கோர் எடுத்து டெஸ்ட் பண்றது எல்லாம் இருக்கு, சின்ன வீட்டுக்கு தட்டிப் பாக்கறதும் ரோஸ் மருந்துமே முக்கால்வாசி சொல்லிடும்.

என்ன வேலைன்னு முடிவு பண்ணுங்க, அப்புறம்தான் ரேட்

கம்பி நல்லா இருக்கு, மேல மட்டும் விரிசல்னா விரிசலை அடைச்சு கோட்டிங். அடுத்தது ஸ்லாப்புக்கு மேல போட்டிருக்கற பழைய செங்கல் ஜல்லித் தளத்தை எடுத்துட்டு வாட்டம் (தண்ணி வடியற சரிவு) சரி பண்ணி புதுத் தளமும் கூலிங் டைல்ஸும். அதுக்கு மேல போனா அடியில இருக்கற கான்கிரீட்டை கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி எடுத்து, துருவை தேய்ச்சு, தேவையான இடத்துல கம்பி சேர்த்து பாலிமர் கலவைய வச்சு அடைக்கறது. கடைசி, முட்டு குடுத்து ஸ்லாபை இடிச்சுட்டு புதுசா சென்ட்ரிங் அடிச்சு போடறது.

நம்ம ஊர்ல அடிக்கடி பண்ற ஒரு தப்பு இருக்கு, பழைய தளத்தை எடுக்காம அது மேலயே இன்னொரு தளம் போடறது. கூலி மிச்சம்னு பண்ணுவாங்க. 3 இன்ச் செங்கல் ஜல்லித் தளம் 850 சதுர அடிக்கு போட்டா 6 கன மீட்டர், எடை 11, 12 டன், அதுக்கு மேல டைல்ஸ் வேற. ஏற்கனவே கம்பி செத்துக்கிட்டிருக்கற ஸ்லாப் மேல ஒரு லோடு லாரிய ஏத்தி நிறுத்தற மாதிரி. நான் பாத்த வீட்டுல ஏற்கனவே ஒரு தடவை அப்படி பண்ணியிருந்தாங்க, கதவு வாசல்படிக்கும் மாடித் தளத்துக்கும் உயரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு, அதை வச்சுத்தான் மேஸ்திரி கண்டுபிடிச்சார். நீங்களும் ஹெட்ரூம் (மாடிப்படி மேல முடியற இடத்துல இருக்கற ரூம்) வாசல்படிய பாருங்க.

"மேல இன்னொரு ஃப்ளோர் எடுத்துக்கலாம் சார், கம்பி விட்டிருக்காங்க"ன்னு சொன்னா, அந்த கம்பி 30 வருஷமா மழையில நிக்குதுன்னு திருப்பிச் சொல்லுங்க. அஸ்திவாரம் தாங்குமான்றது இன்ஜினியர் சொல்லவேண்டிய விஷயம், புரோக்கர் சொல்றதை விலையில சேர்க்காதீங்க. கீழயும் மேலயும் ரெண்டு ஸ்லாபும் போயிருந்தா தளத்துக்கு செலவே பண்ணாதீங்க, அதை வெறும் மனையா நினைச்சு, இடிக்கற செலவையும் கழிச்சு விலை பேசுங்க.

இப்ப கணக்கு

மேஸ்திரி மாடியிலயே நின்னு சொன்னது "மூணு, மூணரை ஆகும் சார்". அவர் பொய் சொல்லல, அவர் வேலைய மட்டும் சொன்னார். எனக்கு வந்த ரேட்டை அப்படியே தர்றேன், ஏரியாவுக்கும் ஆளுக்கும் மாறும், நீங்க மூணு பேர்கிட்ட எழுத்துல வாங்குங்க, முறைய மட்டும் இதுலேர்ந்து எடுத்துக்கோங்க.

பழைய தளம் ரெண்டு அடுக்கையும் எடுத்து வாட்டத்தோட புதுத் தளம், கூலிங் டைல்ஸ்: 850 சதுர அடி, 210 ரூபா வீதம் 1,78,500.
கிச்சன், பாத்ரூம், நடை மேல ஸ்லாப் இடிச்சு புதுசா: 240 சதுர அடி, 650 வீதம் 1,56,000.
மத்த ரூம்ல அடியில கொத்தி சரி பண்றது: 180 சதுர அடி, 350 வீதம் 63,000.

முதல் ரெண்டையும் கூட்டினா அந்த "மூணரை" வந்துடுச்சா? யாரும் சொல்லாம விடறது இதுக்கப்புறம்தான் வரும். சன்ஷேடும் கைப்பிடிச் சுவர் பூச்சும் 45,000. ரப்பிஷ் அள்றதுக்கு 28,000, இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, ராத்திரி தெரு முனையில கொட்டிட்டு ஓடற ஆளை பிடிச்சா கம்மியா முடியும்தான், ஆனா கார்ப்பரேஷன் ஃபைன் வந்தா வீட்டுக்காரருக்குத்தான் வரும், கட்டட இடிபாட்டுக்குன்னே பெருங்குடி, கொடுங்கையூர் ரெண்டு இடத்துலயும் பிளான்ட் இருக்கு, அங்க போற மாதிரி பேசுங்க. சீலிங்குக்குள்ள போற ஒயரிங் பைப், ஃபேன் ஹூக், தண்ணித் தொட்டிய மாத்தி வைக்கறது, பிளம்பிங் 52,000. சீலிங் பெயின்ட், உடையப்போற கிச்சன் டைல்ஸ், பரண் 65,000. வேலை முடியற வரைக்கும் மூணு மாசம் வெளிய வாடகை 54,000, ரெண்டு தடவை சாமான் ஏத்தி இறக்க 16,000.

மொத்தம் 6,57,500. பழைய கட்டடத்துல கொத்த ஆரம்பிச்சா கண்டிப்பா புதுசா ஏதாவது வெளிய வரும், அதுக்கு 20 பர்சன்ட், 1,31,500. ஆக 7,89,000. மூணரைல ஆரம்பிச்சது எட்டுக்கு வந்துடுச்சு.

கைக்காசு கணக்கு வேற, விலைக் கணக்கு வேற

எனக்கு தெரிஞ்ச பல பேர் தடுமாறுறது இந்த இடத்துலதான், அதனால மெதுவா படிங்க. விக்கிறவர் ரொம்ப நல்லவர், நாம கேட்ட 8 லட்சத்தையும் குறைச்சுட்டார்னு வைங்க. 1 கோடியே 40 லட்சம் 1 கோடியே 32 லட்சம் ஆச்சு. நமக்கு கையில 8 லட்சம் மிச்சமான்னா, இல்ல.

75 லட்சத்துக்கு மேல வீட்டுக் கடன்னா ரிசர்வ் பேங்க் ரூல்படி வீட்டு மதிப்புல 75 பர்சன்ட்தான் அதிகபட்சம். 1.40 கோடிக்கு கடன் 1.05 கோடி, நம்ம பங்கு 35 லட்சம். 1.32 கோடின்னா கடன் 99 லட்சம், நம்ம பங்கு 33 லட்சம். அதாவது நம்ம கையில மிஞ்சினது 2 லட்சம்தான், மீதி 6 லட்சம் கடன்ல குறைஞ்சுது. ஸ்டாம்ப் டூட்டி 7, ரிஜிஸ்ட்ரேஷன் 2, சேர்த்து 9 பர்சன்ட், அதுல ஒரு 72 ஆயிரம் குறையும், அதுவும் கைடுலைன் வேல்யூ (அரசாங்கம் வச்சிருக்கற மதிப்பு) அந்த விலைக்குக் கீழ இருந்தாத்தான். ஆக கையில மிச்சம் 2 லட்சத்து 72 ஆயிரம், தளத்துக்கு வேணும் 7 லட்சத்து 89 ஆயிரம், இடிக்குது 5 லட்சத்துக்கு மேல. இஎம்ஐ குறையும், உண்மைதான், ஆனா மேஸ்திரிக்கு சனிக்கிழமை கூலிய இஎம்ஐல குடுக்க முடியாது.

இதுக்கு வழி என்னன்னா, ஆரம்பத்துலயே கடனை உச்சத்துக்கு எடுக்கற மாதிரி வீட்டை தேடாதீங்க. உங்களுக்கு 80 லட்சம் கடன் போதும்னா, விலை குறைஞ்சாலும் அதே 80 லட்சத்தை வாங்கலாம், அப்போ குறைஞ்ச 8 லட்சம் முழுசா கையிலயே நிக்கும், அது நேரா தளத்துக்குப் போகும். ஹோம் இம்ப்ரூவ்மென்ட் லோன்னு தனியா இருக்கு, எஸ்டிமேட்டோட அதே பேங்க்ல கேட்டுப் பாருங்க. இருக்கற வீட்டுக் கடன் மேலயே கூடுதலா வாங்கற டாப் அப் பெரும்பாலும் கொஞ்ச காலம் இஎம்ஐ கட்டினப்புறம்தான் கிடைக்கும், முதல் மழைக்கு உதவாது. வரிச் சலுகைய நம்பி கணக்கு போடாதீங்க, பழைய வருமான வரி ரெஜிம்லயே நாம குடியிருக்கற வீட்டு ரிப்பேர் கடன் வட்டிக்கு வருஷத்துக்கு 30 ஆயிரம்தான் கழிக்க முடியும். இன்சூரன்ஸும் பழசாகி இத்துப்போனதுக்கு பணம் தராது. நகைய வச்சுக்கலாம்னு நினைக்கறவங்க வட்டியையும் அந்த 7,89,000ல சேர்த்துக்கோங்க.

பேரம்

ரிப்போர்ட்டும் மூணு கொட்டேஷனும் கையில இல்லாம பேரத்துக்கு உக்காராதீங்க. வீட்டுக்கார அங்கிள் முதல்ல சொன்னது, "அம்பதாயிரத்துல கோட்டிங் அடிச்சா போதுமேப்பா, எங்களுக்கு ஒண்ணும் ஒழுகலயே." அவர் அந்த வீட்டை பிஎஃப் பணத்துல கட்டினவர், ஸ்லாப் போட்ட அன்னைக்கு எல்லாருக்கும் கேசரி குடுத்ததை ரெண்டு தடவை சொன்னார், அவர்கிட்ட போய் "உங்க தளம் செத்துப்போச்சு"ன்னு சொல்ல மனசு வரல. போட்டோவை மட்டும் டேபிள் மேல வச்சேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கிச்சன்லயா இது"ன்னார்.

"அப்போ நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்"னு சிலர் சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. விக்கப்போற வீட்டுக்கு யாரும் கம்பிய தேய்ச்சு ரிப்பேர் பண்ண மாட்டாங்க, பூச்சு பூசி வெள்ளையடிச்சுட்டு சாவிய குடுப்பாங்க, அப்புறம் நமக்கு கொத்திப் பாக்கற வாய்ப்பும் போச்சு. விலைய குறைக்கச் சொல்லுங்க, வேலைய நாம பாத்துக்கலாம்.

கேட்டது எல்லாம் கிடைக்காது. "மனை விலைக்குத்தான் குடுக்கறேன், கட்டடத்தை நான் கணக்குலயே சேர்க்கல"ன்னு அவங்க சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கும். அதை சரிபாக்க ஒரு வழி, அதே தெருவுல காலி மனை என்ன விலைக்குப் போச்சுன்னு விசாரிங்க. எங்க கேஸ்ல 1,200 சதுர அடிக்கு 11 ஆயிரம்னு 1 கோடியே 32 லட்சம் வந்துச்சு, அப்போ கட்டடத்துக்கு 8 லட்சம் கேக்கறார்னு அர்த்தம், தளத்துக்கு ஆகப்போறதும் அதே 8. இதை பேப்பர்ல எழுதிக் காட்டினப்புறம்தான் பேச்சு நகர்ந்துச்சு. கடைசியில 5 லட்சம் குறைச்சார்.

ஃப்ளாட்டா இருந்தா

டாப் ஃப்ளோர் பழைய ஃப்ளாட் கொஞ்சம் சல்லிசா வந்தா இதுக்குத்தான். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, ஒழுகுறது மட்டும் உங்க பெட்ரூம்ல. கிரவுண்ட் ஃப்ளோர்காரர் "எனக்கென்ன வந்துச்சு"ன்னு மீட்டிங்குக்கே வர மாட்டார். அசோசியேஷன் செக்ரட்டரிய பாத்து கார்ப்பஸ் (சேர்த்து வச்சிருக்கற பொதுப் பணம்) எவ்ளோ இருக்கு, கடைசியா தளம் எப்போ போட்டாங்க, கடைசி ரெண்டு வருஷ மீட்டிங் மினிட்ஸ்ல ஒழுகல் பேச்சு வந்துச்சான்னு பாருங்க. 12 வீடு இருக்கற கட்டடத்துல 6 லட்சம் செலவுன்னா ஆளுக்கு 50 ஆயிரம்தான், ஆனா பாதிப் பேர் குடுக்காம போனா மீதிய நீங்கதான் போட்டு வேலைய முடிக்கணும், அந்த அளவையும் விலையில கழிச்சு கேளுங்க. கட்டடமே ரீடெவலப்மென்ட்டுக்கு போகப்போறதா பேச்சு இருந்தா தளத்தை மறந்துட்டு யுடிஎஸ், அதாவது மனையில உங்க ஃப்ளாட்டுக்கு வர்ற பங்கு எவ்ளோன்னு பாருங்க, தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022 வந்தப்புறம் மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சம்மதிச்சா ரீடெவலப்மென்ட்டுக்கு போகலாம்.

எப்போ வேலைய ஆரம்பிக்கறது

பத்திரப் பதிவு ஆகஸ்ட், செப்டம்பர்ல விழுந்தா தளத்தை பிரிக்காதீங்க, பாதி இடிச்சு வச்சிருக்கும்போது வடகிழக்கு மழை வந்துடும். தார்பாய் போட்டு அந்த சீசனை ஓட்டிட்டு பொங்கல் முடிஞ்சு ஆரம்பிங்க. மே மாசம் வரைக்கும் இழுத்தா வேற தொல்லை, புது கான்கிரீட்டுக்கு தண்ணி நிக்கணும், வெயில்ல சீக்கிரம் காயும், போர்ல தண்ணி இல்லன்னா லாரிக்கு அலையணும். ஸ்லாப்புக்கு அடியில குடுத்திருக்கற முட்டுக் கட்டைய 4.5 மீட்டர் அகலம் வரைக்கும் குறைஞ்சது 7 நாள், அதுக்கு மேல 14 நாள் எடுக்கக் கூடாதுன்னு ஐஎஸ் 456ன்ற கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி சொல்லுது, இது நல்ல சிமென்ட், நல்ல க்யூரிங் இருக்கற கணக்கு. எங்க மேஸ்திரி 18 நாள் விட்டார், வாடகை ஓடுதேன்னு நான் முனகினப்போ, "இன்னும் ஒரு வாரம் வாடகை குடுங்க சார், நான் அடியில நிக்கணும்ல"ன்னார்.

பணத்தை மொத்தமா குடுக்காதீங்க, தளம் பிரிச்சதும் கொஞ்சம், கம்பி கட்டினதும் கொஞ்சம், கான்கிரீட் போட்டப்புறம் கொஞ்சம். கம்பி கட்டின அன்னைக்கு கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி இன்ஜினியரை வரச்சொல்லி கம்பிக்கு அடியில கவர் பிளாக் (கம்பி பலகையில ஒட்டாம இடைவெளி விட வைக்கற சின்னக் கட்டி) இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பழைய ஸ்லாப் செத்ததே அந்த இடைவெளி இல்லாமத்தான். கடைசி 10 பர்சன்ட்டை மட்டும் கையில வச்சுக்கோங்க, புது ஸ்லாப் 28 நாள் ஆனப்புறம் மாடியில தண்ணி கட்டி ஒரு நாள் நிறுத்தி, கீழ கிச்சன் பரண் மேல ஏறி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு அதை குடுத்தா போதும்.